முல்க் (2018): கோர்ட் காட்சிகளைப் ‘பிரசங்கம்’ என்று விமர்சித்தது சரியா?

சேலம் வாசகன்:
எங்கள் ஊர் திரைப்பட வட்டத்தில் அடுத்த மாதம் அனுபவ் சின்ஹா இயக்கிய ‘முல்க்’ என்ற இந்திப் படத்தைப் போடுகிறோம். படம் முடிந்ததும் பேச வேண்டியவன் நான். 2018 ஆகஸ்டில் படம் வந்தபோது எழுதப்பட்ட விமர்சனங்களை இந்த வாரம் உட்கார்ந்து படித்தேன். ரிஷி கபூர், தாப்ஸி, மனோஜ் பஹ்வா, குமுத் மிஸ்ரா நடிப்பைப் பெரும்பாலும் எல்லோரும் பாராட்டியிருக்கிறார்கள். குறை என்று வரும்போது இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கோர்ட்டுக்குள் போனதும் படம் பிரசங்கமாகிவிடுகிறது, அதிலும் கடைசியில் நீதிபதி பேசுவது ரொம்ப நீளம் என்பது ஒன்று. ‘நல்ல முஸ்லிம்’ என்று நிரூபித்துக் காட்டினால்தான் மரியாதை என்ற இடத்திலேயே படமும் நின்றுவிடுகிறது என்பது இன்னொன்று. முதல் குறை எனக்கும் சரி என்றுதான் படுகிறது. இரண்டாவதில் குழப்பம். கோர்ட் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

நெல்லை வக்கீல்:
பத்தொன்பது வருஷமாக கிரிமினல் வழக்குகள் பார்க்கிறேன். இந்தப் படத்தை மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

முதலில் குறையை ஒத்துக்கொள்கிறேன். நிஜ செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சி விசாரணை நடக்கும்போது யாரும் இப்படிச் சொற்பொழிவு ஆற்ற முடியாது. சாட்சி ஒரு வாக்கியம் சொல்வார், அதை நீதிபதி டைப்பிஸ்டுக்குச் சொல்லுவார், டைப் ஆகும், அப்புறம்தான் அடுத்த கேள்வி. வாதமெல்லாம் சாட்சியம் முடிந்த பிறகு. அந்த அளவில் ‘பிரசங்கம்’ என்று எழுதியவர்கள் சொன்னது சரி.

ஆனால் அரசு வக்கீல் சந்தோஷ் ஆனந்த் (ஆஷுதோஷ் ராணா) செய்யும் வேலை இருக்கிறதே, அது அப்படியே நிஜம். வழக்கு என்ன? அலகாபாத் பேருந்தில் குண்டு வைத்தவன் ஷாஹித். அவன் போலீஸ் சுட்டு செத்துவிட்டான். அவன் அப்பா பிலாலுக்குச் சதியில் பங்கு உண்டா என்பதுதான் கேள்வி. அரசு வக்கீலோ அந்தக் குடும்பத்தின் மதத்தை, வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதையெல்லாம் கேலியாக இழுத்துப் பேசி, கோர்ட்டில் உட்கார்ந்திருப்பவர்களைச் சிரிக்க வைக்கிறார். அப்போதிருந்த 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் 54ஆவது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவரின் கெட்ட நடத்தையைக்கூட, அவர் தரப்பு முதலில் நன்னடத்தைச் சாட்சியம் கொண்டுவராத வரைக்கும் பொருட்படுத்தக்கூடாது என்கிறது. ஒருவருடைய நடத்தைக்கே அப்படி என்றால், அவர் பிறந்த மதத்துக்கு அங்கே என்ன வேலை?

நான் ஜூனியராக இருந்தபோது ஓர் அடிதடி வழக்கு. எங்கள் தரப்புச் சாட்சி, ஐம்பது வயசுப் பெரியவர், சைக்கிள் கடை வைத்திருந்தார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு கேட்டது: “ஒரு நாளைக்கு எத்தனை தடவை பள்ளிவாசலுக்குப் போவீங்க?” சண்டை நடந்தது தண்ணீர்க் குழாயடியில். நீதிபதி உடனே, “அதை டைப் பண்ண வேண்டாம்” என்று நிறுத்திவிட்டார். பதிவேட்டில் அந்தக் கேள்வி இல்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த நாற்பது பேர் காதில் விழுந்துவிட்டது. பெரியவர் அதற்குப் பிறகு கூண்டில் நின்ற நேரம் முழுக்கத் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டே பதில் சொன்னார். யாரும் அவரைக் கழற்றச் சொல்லவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதிலிருந்துதான் வருகிறது. நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்பின் தலையில் இருக்க வேண்டும், அதுதான் சட்டம். படத்தில் அந்தப் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக, பிலாலின் அண்ணனும் அவருக்காக வாதாட வந்த வக்கீலுமான முராத் அலி (ரிஷி கபூர்) தோளுக்கு நகர்கிறது. வழக்கு நடத்த வந்த வக்கீலே குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் சேர்க்கப்படுகிறார். என் வீட்டுக்குள் என்னையே வரவேற்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று அவர் கேட்கும் இடத்தில், பாரம் தன் தோளுக்கு எப்படி வந்தது என்றுதான் கேட்கிறார். நிரூபிக்கச் சொல்கிற படம் என்று எழுதியவர்கள் இந்தக் கேள்வியைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து.

பானு:
வக்கீலம்மா சொன்னதில் பாதிக்குத்தான் சரி சொல்வேன். முராத் அலியே அனுபவமுள்ள வக்கீல். அப்படியிருக்க, வழக்கை ஜெயிக்க இந்து மருமகள் ஆர்த்தி வந்துதான் ஆக வேண்டுமா? “எங்களுக்காகப் பேச வேறொருவர் வேண்டும்” என்பதைப் பார்க்கும்போது எனக்கு வலித்தது. பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் அவள் பக்கத்து ஆட்கள், அவள் சொன்னால் கேட்பார்கள் என்று இயக்குநர் நினைத்திருக்கலாம். அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. புரிவதால் வலி குறையவில்லை.

எனக்குப் படத்தில் பிடித்தது கோர்ட்டுக்கு முன்னால் வரும் அரைமணி நேரம். முராத் அலியின் பிறந்தநாள். தெருவே வந்து ஆடுகிறது, பாடுகிறது. பக்கத்து வீட்டு அம்மா மட்டும் இந்த வீட்டில் சாப்பிட மாட்டார். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, அதுதான் வழக்கம். குண்டு வெடித்த பிறகு சுவரில் பாகிஸ்தானுக்குப் போ என்று எழுதுகிறார்கள். அந்த எழுத்து அன்றைக்கா வந்தது? தட்டை நீட்டியபோது வேண்டாம் என்று சொன்ன கை அங்கே ஏற்கெனவே இருந்ததே. நான் படித்த விமர்சனங்களில் இதைப் பற்றி ரெண்டு வரிக்கு மேல் யாரும் எழுதவில்லை.

நெல்லை வக்கீல்:
பானு, ஆர்த்தி விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஷாஹித்தைச் சுட்ட அதிகாரி டானிஷ் ஜாவேத் (ரஜத் கபூர்) ஒரு முஸ்லிம். உயிரோடு பிடிக்க வாய்ப்பிருந்தும் சுட்டார் என்பது குறுக்கு விசாரணையில் வெளியே வருகிறது. தன் சமூகத்துக்குப் பாடமாக இருக்கட்டும் என்று நினைத்தவர். தான் மற்றவர்களைப் போல இல்லை என்று தினமும் சீருடையில் நிரூபித்துக்கொண்டே இருப்பவர் அவர். பாரம் தோளில் ஏறினால் ஒரு மனிதன் என்ன ஆவான் என்பதை நீதிபதியின் பேச்சைவிட அவர் முகம் நன்றாகச் சொல்கிறது.

தூத்துக்குடி ரசிகன்:
ஒரு தகவல். படத்தைப் பாகிஸ்தானில் தடை செய்தார்கள். இங்கேயோ, வெளியாவதற்கு முன்பே வசவு தாங்காமல் இயக்குநர் டிரோல்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். பிறகு சிறந்த கதைக்கான பிலிம்பேர் விருது கிடைத்தது. ‘ரா.ஒன்’ என்ற சூப்பர் ஹீரோ படம் எடுத்தவரா இது என்று அப்போது பலரும் ஆச்சரியப்பட்டார்கள்.

சேலம் வாசகன்:
எல்லோருக்கும் நன்றி. பானு சொன்ன பிறந்தநாள் தட்டிலிருந்தே பேச்சை ஆரம்பிக்கிறேன். வக்கீலம்மா, டைப் ஆகாத அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் சொல்லலாமா?

நெல்லை வக்கீல்:
தாராளமாகச் சொல்லுங்கள். எந்தக் கோர்ட் என்று மட்டும் கேட்காதீர்கள். தொப்பியை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.