நூறு மேடைகளை ஒட்டிய ஒரே பாட்டு: கேட்டவர்கள் சொல்லுங்கள்

'கிரேஃபோல்டட்' என்ற இசைத்தட்டைக் கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்களா? தமிழில் இதைப் பற்றி யாரும் கதைத்து நான் கேட்டதில்லை, அதனால் நானே தொடங்குகிறேன்.

கலிஃபோர்னியாவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவுக்கு 'டார்க் ஸ்டார்' என்றொரு பாட்டு உண்டு. 1968இல் சிறிய தட்டாக வந்தபோது அதன் நீளம் மூன்று நிமிடம்கூட இல்லை. மேடையில் அரை மணித்தியாலத்தையும் தாண்டும். ஒரு நாள் வாசித்ததுபோல மறுநாள் வாசிக்க மாட்டார்கள். கனடாக்காரரான ஜோன் ஒஸ்வால்ட், 1968 முதல் 1993 வரையான அந்தப் பாட்டின் நூற்றுக்கும் அதிகமான மேடைப் பதிவுகளை எடுத்து வெட்டினார், ஒட்டினார், ஒன்றின் மேல் ஒன்றாக மடித்தார். அதுதான் 'கிரேஃபோல்டட்'. முதல் தட்டு 1994இல் வந்தது, இரண்டாவது 1995இல்.

ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான்தான் கொண்டுவந்து தந்தார். உப்புவெளியில் வீட்டு மேசையில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டேன். கோயில் திருவிழாப் பதிவுகளை வெட்டி ஒட்டிக் கொடுப்பது என் தொழில். இரண்டு இரவு வாசித்த ஒரே நாதஸ்வரக்காரரின் ஒரே ராகத்தை இணைப்பதே பெரும்பாடு. சுருதி ஒரு மயிரிழை விலகியிருக்கும், தவிலின் நடை மாறியிருக்கும், பின்னால் கேட்கும் சனத்தின் இரைச்சல்கூட வேறாக இருக்கும். இங்கே கால் நூற்றாண்டுப் பதிவுகள். ஒட்டு எங்கே என்று தேடித் தேடிக் கேட்டேன், பல இடங்களில் பிடிபடவேயில்லை.

ஆனால் என்னை உலுக்கியது அந்தக் கைவேலை இல்லை. பாட்டு வரும் இடத்தில் குழுவின் பாடகர் ஜெரி கார்சியாவின் குரல் பலவாகப் பிரிந்து, இளவயதுக் குரலும் தளர்ந்த குரலும் ஒரே வரியைச் சேர்ந்து பாடுகின்றன. எந்த மேடையிலும் நடக்க முடியாதது அது. கார்சியா 1995 ஓகஸ்டில் காலமானார். அதை அறிந்துகொண்டு அந்த இடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1989இல் ஒஸ்வால்ட் பிறருடைய பாட்டுகளை வெட்டி 'பிளண்டர்ஃபோனிக்ஸ்' என்ற தட்டைச் செய்து இலவசமாகவே கொடுத்தார். கனடா இசைத்தட்டுத் துறையின் எதிர்ப்பால் மிஞ்சிய பிரதிகளை அழிக்க வேண்டி வந்தது. அப்படிப்பட்டவரைக் கிரேட்ஃபுல் டெட்டின் பேஸ் கிற்றார் கலைஞர் பில் லெஷ் தாமாகவே அழைத்து, குழுவின் நாடாக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். அந்தப் பெருந்தன்மைக்காகவே அந்தக் குழுவை எனக்குப் பிடித்துவிட்டது.

*

மூதூரிலிருந்து:

தம்பி, நானும் கேட்டேன். நுட்பத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1969இல் வந்த 'லைவ் டெட்' தட்டில் இதே பாட்டு 23 நிமிடம் இருக்கிறது, ஒரே மேடையில் வாசித்தது. அதில் ஒருவர் வாசிப்பை மற்றவர் காதுகொடுத்துக் கேட்டு, காத்திருந்து, பிறகு உள்ளே வருகிறார். ஒஸ்வால்ட்டின் மடிப்பில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. எனக்கு அந்தக் காத்திருப்புத்தான் பாட்டு.

*

நிலாவெளியிலிருந்து:

எனக்கு வழி காட்டியது ஜெர்மனியின் 'கேன்' குழு. மணிக்கணக்காக வாசித்ததை நாடாவில் பிடித்து, பேஸ் வாசிக்கும் ஹோல்கர் சூகாயே அதை வெட்டிப் பாட்டாக்குவார். 1971இல் வந்த 'டாகோ மாகோ' அப்படிப் பிறந்ததுதான். வாசித்தவரே வெட்டுவதால் எதை விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒஸ்வால்ட் வெளியாள், எதையும் விட மனம் வரவில்லை போலும். இரண்டாவது தட்டு எனக்குக் கொஞ்சம் நீளம்.

*

மூதூர் அண்ணை, நீங்கள் சொன்ன காத்திருப்பு 'லைவ் டெட்'டில் இருப்பது உண்மை. அதை நானும் திரும்பக் கேட்டேன். ஆனாலும் முதல் தட்டின் தொடக்கத்தை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள், பாட்டின் அந்தப் பழக்கமான மெட்டு எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று கவனியுங்கள். அங்கே காத்திருப்பது கேட்கிற நாங்கள்தான். இரண்டாவது தட்டு நீளம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். புதிதாகக் கேட்பவர்கள் முதலாவதோடு தொடங்கட்டும், அதுவும் ஹெட்போனில்.