பெரிய வீட்டுக் குழு: செந்தில் அனுப்பிய வீடியோ

செந்தில்: அமெரிக்காவில், மேரிலாந்துப் படகுத்துறையில் எடுத்தது, பாருங்கள். தண்ணீருக்கு மேலே ஜோடியாகத் தெரிவது சுறாச் செட்டை இல்லை. ஒரே திருக்கையின் இரண்டு செட்டை நுனிகள்!

ராணி அத்தை: மூஞ்சி அசல் மாட்டு மூக்குடா

செந்தில்: பெயரும் அதுதான் அத்தை, பசுமூக்குத் திருக்கை. மே மாதம் கூட்டமாக இந்தச் செசபீக் விரிகுடாவுக்குள் வரும். குட்டி போட்டு, மறுபடி இணைசேர்ந்து, அக்டோபருக்குள் ஃபுளோரிடா பக்கம் கிளம்பிவிடும்.

மணி சித்தப்பா: அங்கே சிப்பியையெல்லாம் தின்று தீர்ப்பது இதுதானே? எங்கேயோ படித்தேன்

செந்தில்: அது வீண்பழி சித்தப்பா. 2007-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பெரிய சுறாக்கள் குறைந்ததால் திருக்கை பெருகி, வட கரோலினாவில் ஸ்காலப் சிப்பியை ஒழித்துவிட்டது என்று. உடனே ‘விரிகுடாவைக் காப்பாற்று, திருக்கையைச் சாப்பிடு’ என்று பிரசாரம். வில் அம்பால் அடிக்கும் போட்டி வேறு. 2016-ல் வேறு ஆய்வாளர்கள் கணக்கைத் திரும்பப் பார்த்தால், சுறா குறைந்த காலமும் சிப்பி குறைந்த காலமும் பொருந்தவே இல்லை. மேரிலாந்து 2017-ல் போட்டிகளை நிறுத்தியது.

கவிதா அக்கா: ஒரு தடவைக்கு எத்தனை குட்டி?

செந்தில்: ஒன்றே ஒன்று. ஏறக்குறைய 11 மாதம் சுமக்கும். பெண் பருவத்துக்கு வரவே 7, 8 வருஷம். இது எப்படி அக்கா திடீரென்று பெருகும்?

ராணி அத்தை: 11 மாதமா! பாவம்

கவிதா அக்கா: பல்லே இல்லாத மாதிரி இருக்கிறது, சிப்பி ஓட்டை எப்படி உடைக்கும்?

செந்தில்: தட்டைப் பற்கள் ஓடு பதித்த தரை மாதிரி நெருக்கமாக அடுக்கியிருக்கும். அதில் வைத்து நொறுக்கும். மணலில் செட்டையை அடித்துக் கிளறித்தான் சிப்பியை எடுக்கும்.

மணி சித்தப்பா: நம்ம பக்கம் உண்டா?

செந்தில்: உண்டு. இந்தியப் பெருங்கடலில் ஜாவா இனம். பிரேசிலில் ஒன்று, மத்தியதரைக் கடலில் ஒன்று, மெக்சிகோவின் பசிபிக் கரையில் இன்னொன்று. ஓமான் இனத்துக்கு மஸ்கட்டில் மருத்துவராக இருந்த ஜெயகர் பெயரை 1895-ல் வைத்தார்கள். நம் நாட்டுக்காரர்!

ராணி அத்தை: கொட்டுமாடா? தண்ணீரில் இறங்கிவிடாதே

செந்தில்: வால் தொடங்கும் இடத்தில் முள் இருக்கிறது அத்தை. 1608-ல் இங்கே ஜான் ஸ்மித் என்ற கப்பல்காரர் திருக்கையை வாளால் குத்தி எடுத்தபோது முள் கையில் ஏறிவிட்டது. தோள்வரை வீங்கி, கூட வந்தவர்கள் புதைக்கக் குழியே வெட்டிவிட்டார்கள். ஆள் சாயங்காலத்துக்குள் தேறி, அந்தத் திருக்கையையே சாப்பிட்டார்.

மணி சித்தப்பா: புட்டா, குழம்பா?