மெம்செட்டை வேகமாக்கப் போனால் கர்னல் ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கிறது

கர்னல்குருவி:
பொழுதுபோகாமல் எக்ஸ்86-64க்கு ஒரு சின்னக் கர்னல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மெம்செட் (நினைவகத்தின் ஒரு பகுதியை ஒரே மதிப்பால் நிரப்பும் ஃபங்ஷன்) ஒவ்வொரு பைட்டாக நிரப்பும் சாதாரண லூப்தான், பழைய லேப்டாப்பில் ஓட்டினால் திரை மேலிருந்து கீழே துடைபடுவது கண்ணுக்கே தெரிகிறது. சரி, கம்பைலரில் ஓ2 (வேகத்துக்கான ஆப்டிமைசேஷன்) போட்டால் வேகமாகும் என்று பார்த்தால் பூட் ஆனதும் ட்ரிபிள் ஃபால்ட் (சிபியு மீள முடியாமல் ரீசெட் ஆகும் பிழை), ரீபூட், மறுபடி ரீபூட். ஓ0-வில் (ஆப்டிமைசேஷன் இல்லாமல்) நன்றாக ஓடுகிறது. எஸ்எஸ்இ (ஒரே நேரத்தில் பல பைட்டுகளைக் கையாளும் சிபியு கட்டளைகள்) வைத்து எழுதிவிடலாமா?

ஸ்டாக்_காலி:
உங்கள் லூப்பைப் பார்த்த ஜிசிசி கம்பைலர் "அட, இது மெம்செட்தானே" என்று புரிந்துகொண்டு அந்த இடத்தில் மெம்செட்டையே கூப்பிட்டிருக்கும். அது தன்னையே கூப்பிட்டுக் கூப்பிட்டு ஸ்டாக்கைத் தின்றுவிடும். ஜிசிசி 10 முதல் ஓ2-விலேயே இந்த வேலை நடக்கிறது, ஃப்ரீஸ்டாண்டிங் (ஓஎஸ், லைப்ரரி இல்லாத சூழலுக்கான ஆப்ஷன்) கொடுத்தாலும் தப்ப முடியாது. ஆப்ஜ்டம்ப் (கம்பைல் ஆன கோடை அசெம்ப்ளியாகக் காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள். 'ட்ரீ லூப் டிஸ்ட்ரிப்யூட் பேட்டர்ன்ஸ்' ஆப்ஷனை அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் அணைத்தால் போதும்.

எஸ்எஸ்இ வேண்டாம். யூசர் புரோகிராமின் ரெஜிஸ்டர்களை முதலில் சேமிக்காமல் தொட்டால் அதன் கணக்கு எங்கோ கெட்டுப்போகும், நீங்கள் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

பழையஅசெம்ப்ளி:
லூப்பே எதற்கு? ரெப் ஸ்டாஸ்பி (ஒரு பைட்டைத் திரும்பத் திரும்ப எழுதும் சிபியு கட்டளை) ஒரே வரி. ஐவி பிரிட்ஜிலிருந்து இன்டெல் சிப்களில் இதை வேகமாக்கவென்றே ஈஆர்எம்எஸ் வசதி உண்டு, இருக்கிறதா என்று அறிய சிபியுஐடி கட்டளையை 7 கொடுத்துக் கூப்பிட்டு ஈபிஎக்ஸ் ரெஜிஸ்டரின் 9-ஆவது பிட்டைப் பாருங்கள். அது இல்லாத சிப்பில் பைட்டை 0x0101010101010101-ஆல் பெருக்கி எட்டு எட்டு பைட்டாக எழுதும் ஸ்டாஸ்க்யூ போடுங்கள். டைரக்‌ஷன் ஃபிளாக் (நிரப்பும் திசையைச் சொல்லும் பிட்) 0-வாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பின்னோக்கி நிரப்பிக்கொண்டே போகும் (பட்டவன் சொல்கிறேன்).

திரைதுடைப்பான்:
எல்லாம் சரி, ஆனால் மெதுவாக இருப்பது மெம்செட்தானா? ரேமில் அதே அளவு இடத்தை நிரப்பி நேரம் பாருங்கள், சட்டென்று முடிந்தால் குற்றவாளி ஃப்ரேம்பஃபர் (திரையில் தெரியும் பிக்சல்கள் இருக்கும் நினைவகம்) மேப்பிங். அது அன்கேஷபிளாக (கேஷில் வைக்க முடியாததாக) இருந்தால் எழுதும் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பஸ்ஸில் போகும், ரெப் ஸ்டாஸ்பியின் வேகமும் அங்கே கிடைக்காது. ரைட் கம்பைனிங் (எழுதுவதைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் வகை) வேண்டும், ஆனால் நினைவக வகைகளின் பட்டியலான பிஏடி எம்எஸ்ஆர் ரெஜிஸ்டரின் (0x277) ஆரம்ப மதிப்பில் அந்த வகையே இல்லை, நீங்கள்தான் பட்டியலின் ஒரு இடத்தில் அதை எழுதிவிட்டுப் பேஜ் டேபிளில் அந்த இடத்தைக் காட்ட வேண்டும்.

கர்னல்குருவி:
ஆப்ஜ்டம்பில் மெம்செட்டுக்குள்ளேயே 'கால் மெம்செட்' (மெம்செட்டைக் கூப்பிடும் கட்டளை), நன்றாகச் சிரித்தேன். ரேமில் பழைய லூப்பே போதுமான வேகம்தான், பிஏடியை மாற்றியதும் திரை பளிச்சென்று துடைபடுகிறது. ஸ்க்ரோல் மட்டும் இன்னும் நத்தை.

திரைதுடைப்பான்:
ஃப்ரேம்பஃபரிலிருந்து படிக்கிறீர்கள் போல. ரைட் கம்பைனிங் எழுதுவதற்குத்தான், படிப்பது அப்போதும் மெதுவே. ரேமில் ஒரு நகல் வைத்து அங்கே நகர்த்திவிட்டு மொத்தமாக எழுதுங்கள்.