நைட்ரஜன் கலனுக்கு சிஇ குறி: யூ ஸ்டாம்ப் இருந்தால் போதாதா?

கேள்வி (தயாரிப்புப் பொறியாளர், திருச்சி):
வணக்கம். ஜெர்மனியிலுள்ள வாடிக்கையாளர் ஒருவருக்காக 2,000 லிட்டர் கொள்ளளவும் 10 பார் உச்ச அழுத்தமும் கொண்ட நைட்ரஜன் கலன் ஒன்றை, அழுத்தக் கலன்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பான ஏஎஸ்எம்இ எட்டாம் பிரிவின்படி எஸ்ஏ-516 கிரேடு 70 என்னும் எஃகுத் தகட்டில் செய்து, 13 பாரில் ஹைட்ரோ டெஸ்ட் (நீரழுத்தச் சோதனை) முடித்து, அவ்விதிகளின்படி செய்ததற்கான யூ ஸ்டாம்பும் பதித்துவிட்டோம். இப்போது சிஇ குறி (ஐரோப்பிய ஒன்றிய விதிகளுக்கு இணங்குவதைக் காட்டும் குறி) எங்கே என்று கேட்கிறார். காற்று, நைட்ரஜன் கலன்களுக்கு எளிய ஐரோப்பிய நெறிமுறை ஒன்று உண்டாமே. அதன்கீழ் நாங்களே குறியிட்டு அனுப்பலாமா?

பதில் 1 (வடிவமைப்பாளர்):
இயலாது. எளிய கலன்களுக்கான 2014/29 நெறிமுறை, தொடர் உற்பத்தியில் வருபவையும், அழுத்தத்தைக் கொள்ளளவால் பெருக்கினால் 10,000 பார்-லிட்டரைத் தாண்டாதவையுமான கலன்களுக்கே உரியது, உங்களுடையது 20,000. ஆகவே 2014/68 அழுத்தக் கருவி நெறிமுறையே பொருந்தும். அதில் நைட்ரஜன் இரண்டாம் தொகுதி (ஆபத்து குறைந்த) வாயு என்பதால், இந்த அளவு நேராக நான்காம் வகையில், அதாவது மிகக் கடுமையான வகையில் விழுகிறது. வெளியார் தலையீடின்றி உற்பத்தியாளரே குறியிடும் வசதி முதல் வகைக்கு மட்டுமே. ஒற்றைக் கலனுக்கு ஏற்றது மாட்யூல் ஜி என்னும் மதிப்பீட்டு முறை: நோட்டிஃபைடு பாடி (இதற்கென அங்கீகரிக்கப்பட்ட வெளி ஆய்வு நிறுவனம்) வடிவமைப்பை ஆராய்ந்து, இறுதிச் சோதனையையும் நேரில் பார்க்கும், அதன் நான்கிலக்க எண் சிஇ குறியை அடுத்து வரவேண்டும்.

பதில் 2 (ஆய்வாளர்):
உங்கள் 13 பார் என்பது ஏஎஸ்எம்இயின் 1.3 மடங்குக் கணக்கு. ஐரோப்பிய நெறிமுறை பொது விதியாகக் குறைந்தது 1.43 மடங்கு, அதாவது 14.3 பார் கேட்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் தகடுதான்: எஸ்ஏ-516 ஐரோப்பியத் தரநிலைப் பொருள் அன்று என்பதால் அதற்குத் தனிப் பொருள் மதிப்பீடு தேவை, நான்காம் வகையில் அதையும் நோட்டிஃபைடு பாடியே செய்யவேண்டும். வெல்டர்களும் வெல்டிங் முறைகளும் மூன்றாம் தரப்பின் ஒப்புதல் பெற்றிருக்கவேண்டும். வெல்டிங்கை ரேடியோகிராஃபி (ஊடுகதிர்ப் படச் சோதனை) பார்த்தவருக்கு நிறுவனமே கொடுத்த லெவல் 2 தகுதிச் சான்றிதழ் இங்கே செல்லாது.

கேட்டவர்:
நன்றி. கலன் முடிந்த நிலையில் இனி என்ன வழி?

பதில் 2:
வரைபடம், கணக்கீடு, தகட்டுச் சான்றிதழ்கள், வெல்டிங் பதிவுகள் அனைத்தையும் திரட்டி உடனே ஒரு நோட்டிஃபைடு பாடியிடம் காட்டுங்கள். தயாரிப்பின் இடைநிலைகளை நேரில் காணாத கலனை ஏற்பதா என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். மறுத்தால் வாடிக்கையாளரிடம் மறைக்காதீர்கள். அடுத்த ஆர்டரில் தகடு வாங்குவதற்கு முன்பே அவர்களை அழையுங்கள். ஐரோப்பியத் தரநிலையான பி355ஜிஎச், எஸ்ஏ-516 இரண்டுக்கும் சேர்த்துச் சான்றிதழ் பெற்ற தகடு கிடைத்தால் பாதித் தலைவலி தீரும்.

பதில் 1:
எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. 50 பார்-லிட்டருக்கு உட்பட்ட சிறு நைட்ரஜன் கலன்களுக்கு, வாடிக்கையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் இந்த நெறிமுறையின்கீழ் சிஇ குறி இடக்கூடாது. பயன்பாட்டுக் கையேட்டை ஜெர்மன் மொழியில் தயாரிக்கவும் மறவாதீர்கள்.