கோடையில் கறிக்கோழித் தீவனத்தில் எண்ணெய் சேர்ப்பது பற்றி

கொழிஞ்சாம்பாறைப் பண்ணையாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் 1,500 கறிக்கோழிகள் வளர்க்கும் கொட்டகை ஒன்றை நடத்தி வருகிறேன். நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் சேராமல், குஞ்சுகளை நானே விலைக்கு வாங்கி, மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் அரைத்து, தாது உப்புக் கலவையுடன் சேர்த்துத் தீவனம் தயாரிக்கிறேன். பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து வெயிலில் கோழிகள் பகல் முழுவதும் இறக்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றனவே தவிர, தீவனத் தட்டின் பக்கம் வருவதில்லை.

எண்ணெய் சேர்த்தால் குறைவாகத் தின்றாலும் எடை ஏறும் என்று கேள்விப்பட்டு, சென்ற பேட்ச்சில் முதல் நாளிலிருந்தே 100 கிலோ தீவனத்தில் 3 கிலோ மக்காச்சோளத்தைக் குறைத்து, 3 கிலோ பாமாயில் சேர்த்தேன். முதல் வாரத்தில் குஞ்சுகளின் எச்சம் பிசுபிசுப்பாகி, சில குஞ்சுகளுக்கு ஆசனவாயில் ஒட்டிக்கொண்டது. பிறகு அது சரியானது; எடையும் வந்தது. ஆனால் கடைக்காரர் ஒரு கோழியை அறுத்து, வயிற்றுக்குள் கை நிறைய மஞ்சள் கொழுப்பை எடுத்துக் காட்டி, "இதை யார் வாங்குவார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இப்போது ஒரு வியாபாரி, பலகாரக் கடைகளில் பொரித்து மீந்த எண்ணெயைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? எண்ணெய் சேர்க்கும் சரியான முறை எது? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், பாலக்காடு

நீங்கள் எண்ணெய் சேர்த்தது தவறில்லை. எண்ணெய்க்கு ஏற்றபடி மற்றவற்றை மாற்றாமல் விட்டதுதான் தவறு.

ஒரு கிலோ மக்காச்சோளத்திலிருந்து கோழிக்கு ஏறத்தாழ 3,350 கிலோகலோரி எரிசக்தி கிடைக்கிறது. சோயா எண்ணெயில் அது 8,800 அளவில் இருக்கும். வளர்ந்த கோழிக்குப் பாமாயில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே தரும் என்றாலும், கணக்குப் போடும் முறை ஒன்றுதான். 100 கிலோவில் 3 கிலோ சோளத்தை எடுத்துவிட்டு 3 கிலோ எண்ணெய் ஊற்றினால், தீவனத்தின் ஒவ்வொரு கிலோவிலும் சுமார் 160 கிலோகலோரி கூடுகிறது. கோழி பெரும்பாலும் எரிசக்தித் தேவை நிறைந்ததும் தின்பதைக் குறைத்துக்கொள்ளும். அப்போது அதன் உடலுக்குள் போகும் புரதமும் அமினோ அமிலங்களும் சேர்ந்தே குறைகின்றன. எண்ணெயில் புரதம் துளியும் இல்லை, எடுத்துவிட்ட சோளத்தில் கொஞ்சம் இருந்தது. சதையாக மாற வழியில்லாத எரிசக்தி வயிற்றில் கொழுப்பாகத் தங்குகிறது. கடைக்காரர் கையில் நீங்கள் பார்த்தது அதைத்தான். கிலோவுக்கு 3,000 கிலோகலோரி, அதற்கு 20 சதவீதப் புரதம் என்ற கணக்கில் உங்கள் தீவனம் இருந்திருந்தால், 3 கிலோ எண்ணெய் சேர்க்கும்போது மேலும் சுமார் 3 கிலோ சோளத்தை நீக்கி, அந்த இடத்தில் சோயாப் புண்ணாக்கு சேர்த்திருக்க வேண்டும். மெத்தியோனின், லைசின் ஆகிய அமினோ அமிலங்களையும் அதே விகிதத்தில் உயர்த்த வேண்டும்.

பிசுபிசுப்பான எச்சத்துக்குக் காரணம் வேறு. முட்டையிலிருந்து வெளிவந்த முதல் ஒன்றிரண்டு வாரங்களில் குஞ்சின் பித்தநீரும் கொழுப்பைச் செரிக்கும் நொதியும் போதிய அளவில் சுரப்பதில்லை. அந்த வயதில் சோயா எண்ணெய் போன்ற, எளிதில் உறையாத நிறைவுறாத கொழுப்பு ஓரளவு செரிக்கும். ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பாக உள்ள பாமாயில் சரியாகச் செரிக்காமல், குடலில் சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்து சோப்பைப் போலாகி எச்சத்தில் வெளியேறிவிடுகிறது. எண்ணெயும் வீண், கால்சியமும் வீண். ஆகவே முதல் 10 நாட்களுக்கு எண்ணெயே வேண்டாம், அல்லது 1 சதவீதம் சோயா எண்ணெய் போதும். மூன்று வாரம் வரை 2 சதவீதம், அதற்குப் பிறகு 3 முதல் 4 சதவீதம் என்று ஏற்றலாம். பாமாயிலைக் கலப்பதானால் அது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். சோயா எண்ணெயை மட்டுமே கடைசி நாள் வரை தாராளமாகக் கொடுத்தால் கோழியின் கொழுப்பு இளகி, இறைச்சி எண்ணெய் வடிவதுபோல் தெரியும் என்பதால், அப்போது பாதிக்குப் பாமாயில் சேர்ப்பதில் நன்மையும் உண்டு.

கோடையில் எண்ணெய்க்கு இன்னொரு பயன் உண்டு. மாவுச்சத்தும் புரதமும் செரிக்கும்போது உடலில் எழும் வெப்பத்தைவிட, கொழுப்பு செரிக்கும்போது எழும் வெப்பம் குறைவு. ஆனாலும் வெயில் ஏறுவதற்கு முன், விடியற்காலை நான்கு மணிக்கே விளக்கைப் போட்டுத் தீவனம் வைப்பதைத் தவறவிடாதீர்கள். எண்ணெயைவிட அது மலிவான மருந்து.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு பெண் பண்ணையாளர்

அண்ணா, பழைய எண்ணெயை மட்டும் வாங்காதீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு பீப்பாய் எண்ணெயை வாங்கி நான் பட்ட பாடு போதும். மூடியைத் திறந்தபோதே பழைய வார்னிஷ் வாடை அடித்தது. தீவனத்தில் கலந்தால் தெரியாது என்று நினைத்துவிட்டேன். மூன்றாவது வாரத்தில் குஞ்சுகள் நடக்கும்போதே தள்ளாடிப் பக்கவாட்டில் விழுந்தன. சில குஞ்சுகள் தலையைப் பின்னுக்கு வளைத்து, கால்களை நீட்டி உதைத்துக்கொண்டே கிடந்தன. இரவு முழுவதும் ஒவ்வொன்றாக எடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தேன். கையை எடுத்ததும் விழுந்தன. கெட்டுப்போன எண்ணெய் தீவனத்திலுள்ள வைட்டமின் ஈ சத்தை அழித்துவிட்டதால் மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். தீவனத்தை மாற்றி, மருந்து கொடுத்த பிறகும் விழுந்தவற்றில் பாதி பிழைக்கவில்லை.

தீவன ஆலைப் பணியாளர், பொள்ளாச்சி

கலக்கும் முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எண்ணெயை நேரடியாக மொத்தத் தீவனத்தின் மேல் ஊற்றினால் அங்கங்கே உருண்டை கட்டிவிடும். முதலில் 10 கிலோ அரைத்த சோளத்தில் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு, உள்ளங்கைகளுக்கு இடையில் தேய்த்துக் கட்டியில்லாமல் செய்துகொண்டு, பிறகு அதை மொத்தத்தில் பரப்பிப் புரட்டுங்கள். தாது உப்பும் வைட்டமின் கலவையும் உலர்ந்த நிலையில் நன்றாகக் கலந்த பிறகே எண்ணெய் சேர வேண்டும். பாமாயில் மார்கழிக் குளிரில் உறைந்திருந்தால் வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். பழைய எண்ணெய் அடியில் தங்கிய பீப்பாயில் புதியதை ஊற்றாதீர்கள். செம்பு, பித்தளைக் குழாயோ பாத்திரமோ எண்ணெயில் படக்கூடாது, அவை எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும். கோடையில் எண்ணெய் கலந்த தீவனத்தை ஒரு வாரத் தேவைக்கு மேல் தயாரித்து வைக்காமல் இருப்பது நல்லது.

கொழிஞ்சாம்பாறைப் பண்ணையாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கச்சி எழுதியதைப் படித்த பிறகு வியாபாரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு சந்தேகம், ஐயா. இங்கே தென்னைக்குக் குறைவில்லை. சோயா எண்ணெய்க்குப் பதிலாகச் செக்கில் தேங்காய் எண்ணெய் வாங்கிச் சேர்க்கலாமா? சோளம் விலை ஏறும்போது கப்பைத் (மரவள்ளிக் கிழங்கு) தூளும் அரிசிக் குருணையும் பாதிக்குப் பாதி சேர்ப்பதுண்டு.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், பாலக்காடு

வேண்டாம் என்று சொன்னது நல்ல முடிவு. 1999-இல் பெல்ஜியத்தில் தீவனத்துக்காகச் சேகரித்த பழைய கொழுப்பில் நச்சுப் பொருள் அடங்கிய மின்மாற்றி எண்ணெய் கலந்துபோய், அந்த நாட்டுக் கோழியையும் முட்டையையும் கடைகளிலிருந்து அகற்றும் நிலை வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத எண்ணெயில் என்ன இருக்கிறது என்பதை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நம் நாட்டிலும் பொரித்து மீந்த எண்ணெய் மீண்டும் உணவுக்குள் வராமல் பயோடீசலுக்குப் போக வேண்டும் என்பதற்காகவே 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

தேங்காய் எண்ணெய் எரிசக்தி தரும். ஆனால் கோழி தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள முடியாத லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் அதில் 2 சதவீத அளவுதான் இருக்கிறது. சோயா எண்ணெயில் அது பாதிக்கு மேல். கறிக்கோழித் தீவனத்தில் அந்த அமிலம் 1 சதவீதமாவது இருக்க வேண்டும். தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம் இருக்கும் வரை சோளமே அந்தத் தேவையை ஏறக்குறைய நிறைவேற்றிவிடுவதால், தேங்காய் எண்ணெய் சேர்த்தாலும் குறை தெரியாது. கப்பையிலும் குருணையிலும் கொழுப்பே மிகக் குறைவு. சோளத்தில் பாதியை எடுத்துவிட்டு இவற்றைச் சேர்க்கும் பேட்ச்சில் தேங்காய் எண்ணெயை மட்டும் நம்பினால் குஞ்சின் வளர்ச்சி குன்றும். அத்தகைய மாதங்களில் 100 கிலோ தீவனத்துக்கு 2 கிலோ சோயா எண்ணெயைக் கட்டாயம் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் வேண்டுமானால் தேங்காய் எண்ணெயைச் சேருங்கள். கப்பையில் புரதமும் அற்பம் என்பதால் சோயாப் புண்ணாக்கின் கணக்கையும் மறுபடி போட வேண்டியிருக்கும். நீங்கள் சேர்க்கும் அளவுகளை இங்கே எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.