3.3 வோல்ட் போர்டும் பழைய பிரிண்டரும்: துண்டில் 7 கிலோ 6 ஆகிறது, உதவி தேவை

கேள்வி (ஹட்டன்):
வணக்கம். தோட்டத்து மடுவத்தில் கொழுந்து நிறுத்ததும் ஆளுக்கொரு துண்டு கொடுப்பதற்காக, இஎஸ்பி32 என்ற சிறிய கன்ட்ரோலர் போர்டிலிருந்து பேரலல் போர்ட் (எட்டு டேட்டா வயரில் ஒரே நேரத்தில் ஓர் எழுத்தை வாங்கும் சொக்கெட்) உள்ள பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு நேரே வயர் கொடுத்திருக்கிறேன். துண்டு வருகிறது. ஆனால் சில நேரம் 27 கிலோ 26 என்று விழுகிறது, 23 என்பது 22 ஆகிறது. இரட்டை எண்களில் பிழையே இல்லை. ஒரு கிலோ குறைந்தாலும் அது கொழுந்து எடுத்தவரின் கூலி, இப்படியே விட மனமில்லை. டேட்டா வயர்களில் மீட்டர் 3.2 வோல்ட் காட்டுகிறது. புரோகிராமில் பிழையா?

பதில் (பண்டாரவளை):
புரோகிராமை விடுங்கள் தம்பி. 7-இன் ஆஸ்கி எண் (எழுத்தைக் குறிக்கக் கணினி அனுப்பும் எண்) 55, 6-இன் எண் 54; கடைசி பிட் மட்டுமே வேறு. அது போகும் வழி டி0 என்ற டேட்டா வயர், 25 பின் சொக்கெட்டில் 2ஆம் பின். பிரிண்டருக்குள்ளே 5 வோல்ட்டில் ஓடும் எச்சி (HC) வகை சிப் இருந்தால், 3.5 வோல்ட் வந்தால்தான் அது 1 என்று நிச்சயமாக எடுக்கும். உங்கள் 3.2 அந்த எல்லைக்குக் கீழே. அதனால்தான் ஒரு நேரம் சரி, ஒரு நேரம் பிழை.

நடுவில் 74எச்சிடி245 (74HCT245) என்ற எட்டு வழி சிப் ஒன்றை 5 வோல்ட்டில் போடுங்கள். எச்சிடி வகைக்கு 2 வோல்ட்டே போதும். 1ஆம் பின் 5 வோல்ட்டுக்கு, 19ஆம் பின் கிரவுண்டுக்கு. டேட்டாவுக்கே எட்டு வழியும் போய்விடும், ஸ்ட்ரோபுக்கு (டேட்டாவை எடு என்று பிரிண்டருக்குச் சொல்லும் வயர்) இன்னொரு சிப் வேண்டும். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

அதைவிட அவசரம்: பிஸி வயரை (பிரிண்டர் வேலையாக இருப்பதைப் போர்டுக்குச் சொல்வது) இப்போதே கழற்றுங்கள். பிரிண்டர் அதில் 5 வோல்ட் அனுப்பும், இஎஸ்பி32 பின் அதைத் தாங்காது. 1.8கே (கிலோஓம்) ரெசிஸ்டர் தொடரில், 3.3கே கிரவுண்டுக்கு வைத்தால் சுமார் 3.2 வோல்ட்தான் போர்டுக்குப் போகும்.

கேள்வி (ஹட்டன்):
மிக்க நன்றி அண்ணா, எண்கள் இப்போது சரியாக விழுகின்றன. ஆனால் இஎஸ்பி32 போர்டு ஆன் ஆகும்போது சும்மா ஒரு எழுத்து அடிக்கிறது.

பதில் (பண்டாரவளை):
போர்டு எழும்பும்வரை ஸ்ட்ரோப் பின் அந்தரத்தில் நிற்கிறது. சிப்பின் அந்த உள்ளீட்டிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு ஒரு 10கே போடுங்கள். அப்புறம், டேட்டா வைத்து 1 மைக்ரோசெகண்ட் கழித்தே ஸ்ட்ரோபை இறக்குங்கள்.