சேர்வர் மாற்றிய பின் தமிழ்ப் பெயருள்ள பிடிஎஃப்கள் திறக்கவில்லை, உதவி தேவை

வெள்ளவத்தையில் இயங்கும் எங்கள் வாசகர் வட்டத்தின் இணையத்தளம் வேர்ட்பிரஸ் 6.5, பிஎச்பி 8.1. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் வேறு சேர்வருக்கு மாற்றினோம். அன்றிலிருந்து ஆவண இணைப்புகள் பலவற்றை அழுத்தினால் 404, அதாவது 'கோப்பு இல்லை' என்ற பிழை வருகிறது. கோப்புகளோ அப்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே இருக்கின்றன.

பெர்மாலிங்க் (பக்க முகவரி) அமைப்பைத் திரும்பச் சேமித்தேன், கேஷை அழித்தேன். கோப்பு அனுமதி 644தான், அதாவது எல்லோரும் வாசிக்கலாம். டேட்டாபேஸிலும் பழைய முகவரி மிச்சமில்லை.

பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. 'வருடாந்த அறிக்கை' திறக்கிறது. 'பொதுக்கூட்டம்', 'கொட்டாஞ்சேனை நினைவுகள்' திறக்கவில்லை. ஒகர, ஓகாரக் குறி உள்ள பெயர்கள் மட்டுமே அடிபடுகின்றன. இணைப்பில் அந்தக் குறி ஒரே யூனிகோட் எழுத்து. சேர்வரில் கொம்பும் அரவும் தனித்தனி எழுத்துகளாகப் பிரிந்து கிடக்கின்றன. திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. பெக்கப்பைப் பழைய மேக் கணினியில் விரித்து எஃப்டிபி வழியாக ஏற்றினோம். அங்கேதான் பிரிந்திருக்க வேண்டும். ஒரு கோப்புக்கு சீபேனலில் (ஹோஸ்டிங் நிர்வாகப் பக்கம்) பெயரைப் புதிதாகத் தட்டச்சு செய்ததும் உடனே திறந்தது.

ஆனால் இப்படிக் கிடப்பவை நூற்றுக்கணக்கில். மூத்த உறுப்பினர்கள் பல வருடமாகச் சேர்த்தவை, வெளிநாட்டில் இருப்பவர்களும் இந்த இணைப்புகளைத்தான் பகிர்ந்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பெயருக்கு மாற்றி அவற்றை முறிக்க எனக்கு மனமில்லை.

எஸ்எஸ்எச் வசதி (சேர்வருக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் வழி) இல்லாத ஷேர்ட் ஹோஸ்டிங்கில் (பல தளங்கள் பகிரும் சேர்வர்), இணைப்புகள் மாறாமல், இந்தக் கோப்புப் பெயர்களை எல்லாம் ஒரே தடவையில் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவர என்ன வழி?